இரண்டாவது துண்டு கேக்

மார்ச் 4, திங்கள்

தூண் வந்துவிட்டது. ஆள் உயரம், வெள்ளை நிறம், முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு திரை. என் மேசைக்கு நேர் எதிரே நிறுத்திவிட்டு, பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் போய்விட்டார்கள். ஜூன் மாதத்திலிருந்து நகராட்சி அலுவலகத்துக்கு வருகிறவர்கள் அதில் பெயரைத் தட்டினால் போதுமாம். அதுவே அடையாள அட்டை அச்சடித்துத் தந்து உள்ளே விடும். இருபத்திரண்டு வருஷமாக அந்த வேலையைச் செய்துகொண்டிருப்பவள் நான். எனக்கு யாரும் உறை போட்டு வைத்ததில்லை.

மாற்று வேலை ஆலோசகர் அன்னெலீஸ் மதியம் கூப்பிட்டு ஒரு படிவம் தந்தார். அதில் மூன்று கட்டங்கள். மே 31-க்குள் ஏதாவது ஒன்றில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட வேண்டும். முதல் கட்டம், குப்பைக் கிடங்கின் வாசலில் உட்கார்ந்து, கொட்ட வருகிறவர்களின் அட்டை பார்ப்பது. இரண்டாவது, பார்க்கிங் அபராதம் கட்டியவர்கள் போனில் திட்டுவதைக் கேட்டுக்கொள்வது. மூன்றாவது, சைபர் பாதுகாப்புப் பயிற்சி. நாலு மாதம், செலவு நகராட்சியுடையது. முடித்த பிறகு வேலை தேடிக்கொள்வது என் பாடு.

“இதுலதாங்க எதிர்காலமே இருக்கு, தினெக்கே.”

“எனக்கு ஐம்பத்தொண்ணு ஆகுது. எனக்குன்னு எவ்வளவு எதிர்காலம் வேணும்னு நினைக்கிறீங்க?”

அன்னெலீஸ் சிரித்தார். நான் நிஜமாகத்தான் கேட்டேன்.

மார்ச் 5, செவ்வாய்

என் கணவன் பேரெண்டிடம் சொன்னேன். பஸ் ஓட்டிவிட்டு வந்து காலைச் சோபாவில் நீட்டியிருந்தான்.

“நீயா? சைபரா? டிவி ரிமோட்ல பேட்டரி தீர்ந்துபோச்சுன்னு போன வாரம் டிவியையே மாத்தலாம்னு சொன்ன ஆளாச்சே நீ.”

அது வேறு விஷயம். டிவியும் பழசுதான்.

மார்ச் 9, சனி

பேரெண்டின் தங்கை வில்மாவுக்குப் பிறந்தநாள். வழக்கம்போல நாற்காலிகள் வட்டமாகப் போட்டிருந்தன. எங்கள் ஊரில் பிறந்தநாள்காரிக்கு மட்டுமில்லை, வந்திருக்கிற உறவு, அக்கம்பக்கம் எல்லோருக்கும் வாழ்த்துச் சொல்ல வேண்டும். உள்ளே நுழைந்ததும் பதினாலு பேருக்கும் கை கொடுத்து, உன் அம்மாவுக்கு வாழ்த்து, உன் மனைவிக்கு வாழ்த்து, உன் பக்கத்து வீட்டுக்காரிக்கு வாழ்த்து என்று ஒரு சுற்று முடிப்பதற்குள் வாய் வலித்துவிட்டது. ஆளுக்கு ஒரு துண்டு கேக். அதோடு வில்மா டப்பாவை மூடிவிட்டாள். அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு எப்போதும் ஒரு நிம்மதி. எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சைபர் பாதுகாப்பு பற்றிக் கேட்டுத் தொலைத்தேன். பதினாலு பேரும் நிபுணர்கள். ஒருவர், அதில் சேர்ந்தால் வேலைக்குப் பஞ்சமே இல்லை என்றார். அவர் மனைவி, இரண்டே வருஷத்தில் கம்ப்யூட்டரே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும் என்றாள். இன்னொருவர், கணக்கு தெரிய வேண்டும் என்றார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர், கணக்கு வேண்டாம், தூக்கம் வராத வியாதி இருந்தால் போதும் என்றார். வில்மாவின் மச்சினன் மகன் நிஜமாகவே அந்த வேலையில் இருப்பவன். அவனிடம் கேட்டேன். “நல்ல வேலைதான் அத்தை. ஒண்ணுமே நடக்கலைன்னா நீங்க நல்லா வேலை பாக்கறீங்கன்னு அர்த்தம். ஆனா ஒண்ணுமே நடக்கலைன்னா உங்களை எதுக்கு வச்சிருக்கோம்னும் கேப்பாங்க.”

இதைத்தானே இருபத்திரண்டு வருஷமாக நான் அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்.

கழிப்பறைக்குப் போனபோது சுவரில் பிறந்தநாள் நாட்காட்டியைப் பார்த்தேன். எங்கள் வீடுகளில் அதைத் தொங்கவிடுகிற இடமே அதுதான். அக்டோபர் 17-இல் என் பெயர் இருக்கிறது. அதற்கு நாலு நாள் முன்னால் பேரெண்டின் முதல் மனைவியின் பெயரும் இருக்கிறது. வில்மா இன்னும் அதை அடிக்கவில்லை.

மார்ச் 14, வியாழன்

மாதிரி வகுப்புக்குப் போனேன். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. ஏதோ அடிக்கச் சொன்னார்கள், அடித்தேன். திரை ஒரு வரி பதில் சொன்னது. அது திட்டா பாராட்டா என்று தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கசாப்புக் கடையை மூடிவிட்டு வந்தவர். அவருக்கும் தெரியவில்லை. இருவரும் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். காபி நன்றாக இருந்தது.

மார்ச் 16, சனி

ரயில் நிலையத்தில் என் சைக்கிள் திருட்டுப் போய்விட்டது. இரண்டு பூட்டு போட்டிருந்தேன். ஒன்றை மட்டும் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

மார்ச் 19, செவ்வாய்

இதை எழுதவே கை கூசுகிறது.

காலையில் ஒரு மின்னஞ்சல். ‘உங்கள் சைக்கிள் கிடைத்துவிட்டது. படத்தைப் பார்க்க இங்கே அழுத்தவும்.’ அழுத்தினேன். பாஸ்வேர்ட் கேட்டது, கொடுத்தேன். தப்பாக அடித்துவிட்டேனோ என்று இரண்டாம் தடவையும் கொடுத்தேன். திரையில் ஒரு தூண்டில் படம் வந்தது. கீழே, ‘இது ஒரு சோதனை. நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.’

நகராட்சியே ஒரு வெளி நிறுவனத்தை அமர்த்தி எங்களைச் சோதித்திருக்கிறதாம். எனக்கு வந்த கோபம்... சைக்கிள் போன பொம்பளைகிட்ட சைக்கிள் கிடைச்சுதுன்னு சொல்லி ஏமாத்தறது ஒரு பொழைப்பா? இதுக்கு நாலு மாசம் பயிற்சி வேற குடுக்கறாங்களா?

மார்ச் 20, புதன்

அறுபத்தொரு பேர் அழுத்தியிருக்கிறார்கள். மேயரும் அழுத்தியிருக்கிறார். அவருடைய சைக்கிள் திருட்டே போகவில்லை. கிடைத்தால் நல்லதுதானே என்று அழுத்தினாராம்.

ஆனால் இரண்டு தடவை பாஸ்வேர்ட் கொடுத்தது நான் மட்டும்தான்.

மார்ச் 22, வெள்ளி

மாட்டிக்கொண்டவர்களுக்கு ஷூர்ட் பாடம் எடுத்தான். கம்ப்யூட்டர் பிரிவுக்கு அவன்தான் தலைவன். என் மேசையைக் கடக்கும்போது அட்டையைக் காட்டாமல் போகிற ஒரே ஆளும் அவன்தான். பாஸ்வேர்டில் பிறந்த தேதி வைப்பதைவிட முட்டாள்தனம் உலகத்தில் இல்லை என்று அரை மணி நேரம் பேசினான். முடிந்ததும் என்னிடம் வந்தான்.

“மூணாவது கட்டம் யோசிக்கிறியாமே. சொல்றேன்னு தப்பா எடுத்துக்காத தினெக்கே, உனக்கு அது சரிப்படாது. நீ எல்லாரையும் நம்பற ஆளு.”

நானா? நான் நம்புகிற ஆளா? மேயரின் மாமியாரையே அட்டை இல்லாமல் உள்ளே விடாதவள் நான்.

இருந்தாலும் வீட்டுக்கு வந்து படிவத்தில் மூன்றாவது கட்டத்தின் மேல் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டேன்.

மார்ச் 25, திங்கள்

ஒரு சந்தேகம் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. அலுவலகக் கழிப்பறையிலும் ஒரு பிறந்தநாள் நாட்காட்டி தொங்குகிறது. வருஷா வருஷம் அதை எழுதுவது நான்தான். நூற்றுப் பதினெட்டு பேரின் பிறந்தநாளும் அதில் இருக்கிறது. பிறந்தநாள்காரர் கேக் கொண்டுவர மறந்துவிடக் கூடாதே என்று தேதிக்குக் கீழே சிவப்புக் கோடு வேறு போட்டு வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் வாங்க வருகிறவர்கள்கூட அங்கே போகிறார்கள்.

கழிப்பறைக்குப் போய் ஷூர்டின் தேதியைப் பார்த்தேன். நவம்பர் 9. பின்பக்க நடைபாதையில் கம்ப்யூட்டர் அறைக்குப் போகிற கதவு ஒன்று உண்டு. நாலு எண் அழுத்த வேண்டும். 0911 அழுத்தினேன்.

திறந்துகொண்டது. மெதுவாகச் சாத்திவிட்டு வந்து காபி குடித்தேன்.

மார்ச் 26, செவ்வாய்

ஷூர்டிடம் தனியாகச் சொன்னேன். காதுவரை சிவந்துபோனான். மதியமே எண்ணை மாற்றிவிட்டான். நான் நாட்காட்டியைக் கழற்றி என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

ரப்பரை எடுத்துப் படிவத்தில் பென்சில் கோட்டை அழித்தேன். அழித்தேன் என்றால், முடிவு எடுத்துவிட்டேன் என்று இல்லை. சும்மாதான்.

ஏப்ரல் 4, வியாழன்

அலுவலகமே என்மேல் பாய்கிறது. நேற்று வரிப் பிரிவு கிரீட்டாவுக்குப் பிறந்தநாள். யாருக்கும் ஞாபகம் இல்லை. இரண்டு ஆப்பிள் கேக் சுட்டுக்கொண்டு வந்தவள், யாராவது வாழ்த்துவார்கள், பிறகு எடுத்து வைக்கலாம் என்று மாலைவரை காத்திருந்து, அப்படியே திரும்ப எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். இன்று என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

“நாட்காட்டியை எங்க வச்சிருக்க?”

“பூட்டி வச்சிருக்கேன். பாதுகாப்புக்காக.”

“யார்கிட்டேர்ந்து பாதுகாப்பு? என்கிட்டேர்ந்தா?”

பாவமாகத்தான் இருந்தது. கடைசியில் ஒரு சமாதானம் ஆனது. நாட்காட்டி என் இழுப்பறையில்தான் இருக்கும். தினமும் காலையில் யாருக்குப் பிறந்தநாள் என்று நான் வாயால் சொல்வேன். தேதி மட்டும், வருஷத்தைச் சொல்ல மாட்டேன். கிரீட்டாவுக்கு வருஷத்தைச் சொல்லாதது பிடித்திருந்தது.

ஏப்ரல் 27, சனி

ராஜா தினம், ராஜாவின் பிறந்தநாள் விடுமுறை. ஊரே ஆரஞ்சு நிற உடையில் தெருவில் விரிப்புப் போட்டுப் பழைய சாமான் விற்றது. என் சைக்கிளைத் தேடிக்கொண்டு நாலு தெரு நடந்தேன். கிடைக்கவில்லை. குப்பைக் கிடங்கு வழியாகத் திரும்பி வந்தேன். வாசல் கூண்டு சின்னதாக இருந்தாலும் உள்ளே ஹீட்டர் இருக்கிறது. அதுவும் ஒரு வாசல்தானே என்று தோன்றியது. உடனே அழுகை வந்தது. ஏன் என்று தெரியவில்லை.

மே 16, வியாழன்

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு எனக்கே நம்பிக்கை இருக்காது.

பத்து மணிக்கு நான் தபால் வாங்கப் பின்பக்கம் போயிருந்தேன். திரும்பி வந்தால் காபி அறையில் ஒரே கூட்டம். நடுவில் ஒரு ஆள். நாற்பது வயது, நல்ல சட்டை, சிரித்த முகம். இரண்டு பெரிய பெட்டிகளில் செர்ரி கேக். இன்றைக்கு அவனுக்குப் பிறந்தநாளாம், சாலைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறானாம், பெயர் லாம்பேர்ட்டாம். இரண்டு கையிலும் பெட்டி இருந்ததால் கிரீட்டாதான் கதவைத் திறந்து பிடித்திருக்கிறாள். ஆளாளுக்குக் கை கொடுத்தார்கள். சாலைப் பிரிவுக்காரர்களுக்கும் எல்லோரும் வாழ்த்துச் சொன்னார்கள், அவர்களும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்கள். அவனை முன்பின் பார்த்ததில்லை என்று ஒருத்தராவது சொல்ல வேண்டுமே. கேக் கொண்டுவந்தவனிடம் அதைக் கேட்பது மரியாதை இல்லையே.

நானும் வாழ்த்தினேன். ஒரு துண்டு வாங்கித் தின்றேன். நன்றாகவே இருந்தது. காலையில் நான் யாருடைய பிறந்தநாளையும் சொல்லவில்லையே என்று உறுத்தியது. புது ஆள், பட்டியலில் ஏறியிருக்க மாட்டான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். தட்டைக் கழுவப் போனபோது அவன் சொன்னான்:

“இன்னொண்ணு எடுத்துக்கோங்க. நிறைய இருக்கு.”

தட்டைக் கழுவாமல் தொட்டியிலேயே வைத்துவிட்டேன்.

இருபத்திரண்டு வருஷம், நூற்றுப் பதினெட்டு பேர். இந்தக் கட்டிடத்தில் யாரும் யாருக்கும் இரண்டாவது துண்டு கொடுத்ததில்லை. எண்ணித்தான் வெட்டுவோம். மிச்சம் இருந்தால் மூடி வீட்டுக்கு எடுத்துப் போவோம். அது கஞ்சத்தனம் இல்லை, அப்படித்தான் வளர்ந்தோம். இந்த ஆள் இந்த ஊரும் இல்லை, இந்த அலுவலகமும் இல்லை.

மேசைக்கு ஓடி இழுப்பறையைத் திறந்தேன். மே 16, காலி. இந்த மாதம் சேர்ந்தவர்களின் பட்டியலையும் பார்த்தேன். லாம்பேர்ட் என்று யாரும் இல்லை. திரும்பி வந்தால் ஆளைக் காணோம். பின்பக்க நடைபாதைக்கு ஓடினேன். அங்கே கம்ப்யூட்டர் அறைக் கதவை ஷூர்ட் தன் கையாலேயே திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறான். இன்னொரு கையில் கேக் தட்டு. இரண்டாவது துண்டு. அந்த ஆள் நன்றி சொல்லிக்கொண்டே உள்ளே காலை வைக்கிறான்.

“ஷூர்ட், கதவைச் சாத்து.”

“இவருக்குப் பிறந்தநாள், தினெக்கே.”

“இல்ல. சாத்து.”

என் கையில் முள்கரண்டி இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அந்த ஆள் இரண்டு கையையும் தூக்கிவிட்டுச் சிரித்தான். சட்டைப் பையிலிருந்து மேயர் கையெழுத்துப் போட்ட கடிதத்தை எடுத்துக் காட்டினான். சோதனை நிறுவனத்தின் ஆளாம். மேயருக்கு போன் போட்டுக் கேட்ட பிறகுதான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

“நாலு வருஷமா இதே வேலை. நாற்பது கட்டிடத்துக்குள்ள போயிருக்கேன். ஒரு இடத்துலகூட யாரும் நிறுத்தினதில்ல. எதுல மாட்டினேன், சொல்லுங்களேன்.”

“ரெண்டாவது துண்டுல.”

அவன் யோசித்தான். “நான் தெற்கே லிம்பர்க்ங்க. எங்க ஊர்ல ஒண்ணோட நிறுத்தினா, வந்தவங்களைப் பிடிக்கலைன்னு அர்த்தம்.”

அந்தச் சைக்கிள் மின்னஞ்சலை எழுதியது யார் என்று கேட்டேன். தான்தான் என்றான். மிச்சக் கேக்கை மூடி அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

மே 17, வெள்ளி

லாம்பேர்ட் போன் செய்தார். பெயர் மட்டும் நிஜமாம். அவர் வேலைக்கும் சைபர் பாதுகாப்பு என்றுதான் பெயராம். “திருடன் முதல்ல வாசலுக்குத்தாங்க வருவான். கம்ப்யூட்டர் எல்லாம் அப்புறம். வாசலைத் தெரிஞ்ச ஆளு எங்ககிட்ட ஒருத்தர்கூட இல்ல. பயிற்சியை முடிச்சிட்டு வாங்க.”

“நான் பாஸ்வேர்டை ரெண்டு தடவை குடுத்தவ.”

“தெரியும். உங்க பேரு எங்க அறிக்கையில இருக்கு. ஒரு தடவை ஏமாந்தவங்களுக்குத்தான் ஏமாத்தறது எப்படின்னு புரியும்.”

இது பாராட்டா? இரண்டு தடவை ஏமாந்தால் இரண்டு மடங்கு புரியுமா?

மே 21, செவ்வாய்

சிக்கல் இதுதான்: அந்த வேலையில் பொய் சொல்ல வேண்டும். எனக்கு வராது. முடிவெட்டிக்கொண்டு வந்து நன்றாக இருக்கிறதா என்று கேட்பவர்களிடம் நன்றாக இல்லை என்று சொல்கிறவள் நான். சமையலறை வாசலில் பேரெண்டைக் காவல்காரனாக நிறுத்திப் பழகிப் பார்த்தேன்.

“யாரும்மா நீங்க? என்ன வேலையா வந்தீங்க?”

“பிரிண்டர் ரிப்பேர் பண்ண வந்தேன்.”

“எந்த பிரிண்டர்?”

“அதாங்க... சரி, நான் ரிப்பேர் பண்ண வரலை.”

பேரெண்ட் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். எழுந்தபின் சொன்னான்: “அந்தக் கூண்டுல உன்னை உட்கார வச்சுப் பாக்க எனக்கு மனசு வரலை. மூணாவதுல போடு.” இருபது வருஷத்தில் அவன் என்னிடம் இவ்வளவு நேராகப் பேசியது இல்லை. நான் ஹீட்டர் இருப்பதைச் சொல்லவில்லை.

மே 31, வெள்ளி

மூன்றாவது கட்டத்தில் டிக். பேனாவால்.

அன்னெலீஸுக்கு சந்தோஷம். ஷூர்ட் மேசைவரை வந்து, முதல்முறையாகத் தன் அட்டையைக் காட்டினான். நாட்காட்டியைக் கிரீட்டாவிடம் ஒப்படைத்தேன். இழுப்பறையைக் காலி செய்தபோது அடியில் என் பாஸ்வேர்ட் எழுதிய மஞ்சள் சீட்டு இருந்தது. கிழித்துத் தின்றுவிடலாம் போல இருந்தது. கிழிக்க மட்டும் செய்தேன்.

மாலை ஐந்துக்கு மேசையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தரையில் நாலு கால்களின் தடம் மட்டும் இருந்தது. தூணின் உறையைப் பிரித்துவிட்டார்கள். நான் அதற்கு வணக்கம் சொல்லவில்லை.

செப்டம்பர் 27, வெள்ளி

தேர்வு முடிவு வந்தது. பத்துக்கு ஆறு. ஆறு இருந்தால் பாஸ். கசாப்புக் கடைக்காரருக்கு ஏழு. கறுப்புத் திரை இன்னமும் என்ன சொல்கிறது என்று பாதிதான் புரிகிறது. லாம்பேர்ட், பாதி போதும், மீதியைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்றார்.

அக்டோபர் 17, வியாழன்

இன்றைக்குத் தனியாக முதல் வேலை. அடுத்த ஊரில் ஒரு காப்பீட்டு நிறுவனம். அந்தத் தேதியை நான்தான் கேட்டு வாங்கினேன். எனக்குப் பொய் வராதே. இன்றைக்கு மட்டும் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு பெட்டி ஆப்பிள் கேக்கோடு போனேன். “எனக்கு இன்னைக்குப் பிறந்தநாள்” என்றேன். முகம் சிவக்கவில்லை. வாகன நிறுத்துமிடத்தில் ஒருவர் வாழ்த்திவிட்டுத் தடுப்பைத் தூக்கிவிட்டார். வெளிக் கதவை ஒருவர் திறந்து பிடித்தார். லிஃப்ட் பக்கம் நின்ற மூன்று பேர் கை கொடுத்தார்கள். பேரெண்ட் காலையில் அவசரத்தில் மறந்துவிட்டுப் போயிருந்தான். முன்பின் தெரியாத ஐந்து பேர் வாழ்த்தினார்கள், அது நன்றாகத்தான் இருந்தது.

பிறகு வரவேற்பு மேசை. என் வயதுதான் இருக்கும். கண்ணாடியைச் சங்கிலியில் கோர்த்துத் தொங்கவிட்டிருந்தாள். சட்டையில் ரியா என்று பெயர். எழுந்து வந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்து வாழ்த்தினாள். அப்புறம் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

“உங்களுக்கு எந்தப் பிரிவு?”

அதற்கு ஒரு பொய் தயாராக வைத்திருந்தேன். வாய்க்கு வரவில்லை.

“உங்க பேரு என்கிட்ட இல்லையே. கேக்கை இங்க வைங்க. நீங்க அங்க உக்காருங்க. நான் கேட்டுட்டு வரேன், கோவிச்சுக்காதீங்க.”

அங்கே என்றால் சுவர் ஓரத்து நாற்காலி. உட்கார்ந்தேன். பக்கத்தில் ஆள் உயரத்துக்கு, உறை பிரிக்காமல் ஒரு வெள்ளைத் தூண்.

அவள் திரும்பி வந்ததும், அந்த நிறுவனத்தார் கையெழுத்துப் போட்ட கடிதத்தைக் காட்டினேன். ரியா அதை வாங்கி, கையெழுத்துப் போட்டவருக்கு போன் போட்டு, நிஜம்தான் என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் சிரித்தாள். தூணைப் பார்த்துக் கேட்டேன், இது எப்போது வேலைக்கு வருகிறது என்று. “ஜனவரியில” என்றாள். “எனக்கு ஒரு படிவம் குடுத்திருக்காங்க. மூணு கட்டம்.”

கேக் பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் பெட்டியைத் திறந்து, நான் கொண்டுபோன கேக்கிலிருந்தே எனக்கு ஒரு துண்டு வெட்டித் தந்தாள். பிறகு பெட்டியை மூடினாள்.

அறிக்கையை ரயிலிலேயே எழுதி முடித்தேன். வாகன நிறுத்துமிடத் தடுப்பு, வெளிக் கதவு, லிஃப்ட் என்று குறைகள் ஒரு பக்கம். லாம்பேர்ட் படித்துவிட்டு போன் செய்தார். எல்லாம் சரி, கடைசிப் பத்தியில் மட்டும் ஆள் பெயர் வேண்டாமே, ‘வரவேற்பு நடைமுறை’ என்று போடலாமே என்றார். மாட்டேன் என்றேன்.

‘உடனே செய்ய வேண்டியது’ என்ற தலைப்பின்கீழ் ஒரே வரிதான் இருக்கிறது. ரியாவை அந்த மேசையிலிருந்து எடுக்காதீர்கள்.